குழாய் வந்தாச்சு, தண்ணீர்?



குலதெய்வம் கும்பிடவோ, கோடை விடுமுறைக்கோ சொந்த ஊருக்குப் போகிறோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். இப்போதெல்லாம் பல வீடுகளில் பெரியம்மாவின் கை கொஞ்சம் தயங்குகிறது. "இரு தம்பி, உனக்கு இந்தத் தண்ணி ஒத்துக்காது. பையனைக் கடைக்கு அனுப்பி கேன் தண்ணி வாங்கியாரச் சொல்றேன்" என்கிறார். வாசலில் பார்த்தால் புதுசாகப் போட்ட பஞ்சாயத்துக் குழாய் நிற்கிறது.

இரண்டு நாள் தங்கப்போகிற நமக்கு ஒத்துக்கொள்ளாத தண்ணீர், வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிற பெரியம்மாவுக்கும் அவர் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும்?

மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு நம் ஊராட்சிகளில் கிராம சபையும் கூடுகிறது. அதற்கு முன்னால் இந்தக் கேள்வியை உங்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுவோம். 2019 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது, நாட்டின் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்குப் பதினேழு வீடுகளில்தான் குழாய் இணைப்பு இருந்தது. இப்போது ஏறக்குறைய எண்பது வீடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராமப்புற வீடுகள் மட்டும் சுமார் ஒன்றேகால் கோடி. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணைப்பு வந்துவிட்டது. குழாயடிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சின்ன விஷயமா? மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் அந்தத் திட்டம் குழாயை மட்டும் வாக்குறுதியாகத் தரவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், குடிக்கத் தகுந்த தரத்தில், தொடர்ந்து வர வேண்டும் என்பதுதான் அதன் பேச்சு. அளவு, தரம், தொடர்ச்சி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். 2024-க்குள் முடிப்பதாக இருந்த திட்டத்தை இப்போது 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். இனி மிச்சமிருப்பதில் குழாய் பதிக்கிற வேலை குறைவு. பதித்த குழாயில் நல்ல தண்ணீரைத் தினமும் வரவைக்கிற வேலைதான் அதிகம்.

அந்த வேலை யாருடையது என்பதில்தான் நமக்குள் ஒரு குழப்பம்.

அதைப் பேசும் முன் ஒன்று: தண்ணீர் இல்லாத வீட்டில் முதலில் யாருடைய நாள் பாழாகிறது? ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்கிராமங்களுக்குக் கோடையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வறண்ட கண்மாய்க்குள்ளும் ஆற்று மணலிலும் ஊற்று தோண்டி வைத்திருப்பார்கள். ஒரு பெண் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, கொட்டாங்குச்சியாலோ சின்னக் கிண்ணத்தாலோ அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவார். குடத்தின் வாயில் சேலைத் துணி கட்டியிருக்கும். இரண்டு குடம் நிரம்பியதும் ஊற்று அடங்கிவிடும். மறுபடி ஊறுகிற வரை அடுத்த பெண் கரையில் காத்திருப்பார். மேலே, பத்துக் குடங்களை அடுக்கும்படி இரும்புச் சட்டம் போட்ட தள்ளுவண்டிகள் வரிசையில் நிற்கும். பெண் பார்க்கப் போகிற வீட்டில் நகை நட்டு விசாரிப்பதுபோல, அந்தப் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் தண்ணீர் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதுண்டு.

பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ எடை. அதை இடுப்பில் வைத்து நடக்கிற பெண்ணின் முதுகுவலிக்கு எந்தக் கணக்கிலும் பத்தி கிடையாது. வீட்டில் குழாய் வருவதற்கு முன்பு, 2018-இல், இந்தியப் பெண்கள் தண்ணீர் கொண்டுவர மட்டும் தினமும் சராசரியாக முக்கால் மணி நேரம் செலவழித்தார்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒரு நாளில் முக்கால் மணி நேரம் என்பது ஒரு பாடம் படிக்கிற நேரம். அம்மாவோடு தண்ணீருக்குப் போகிற மகளுக்கு அது பள்ளிக்கூடத்தின் முதல் பீரியட்.

அதனால்தான் குழாய் வந்ததும் ஊரே கொண்டாடுகிறது. கொண்டாட்டம் முடிந்த பிறகு வருகிற கேள்விதான் இந்தப் பக்கத்தின் விஷயம். வருகிற தண்ணீரைக் குடிக்கலாமா?

நம்மில் பலர் தண்ணீரைப் பார்த்தும் ருசித்தும்தான் எடை போடுகிறோம். தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர், இனித்தால் ரொம்ப நல்ல தண்ணீர். கண்ணும் நாக்கும் சொல்வதில் பாதிதான் சரி. கிராமத்துக் குடிநீரைக் கெடுப்பவற்றில் முக்கியமானவை மூன்று: உப்பு, ஃபுளோரைடு, கிருமி. இவற்றில் நாக்குக்குத் தெரிவது உப்பு மட்டும்தான்.

உப்பு கடலோர மாவட்டங்களின் தலைவலி. போர் போட்டால் உப்பு, இன்னும் ஆழம் போனால் இன்னும் உப்பு. அதனால்தான் திருச்சிப் பக்கம் எடுக்கிற காவிரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ராமநாதபுரம் வரை குழாயிலேயே கொண்டுவர வேண்டியிருந்தது. உப்பை மக்கள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். டீ திரிந்து போகும், பருப்பு வேகாது, தலைமுடி பிசுபிசுக்கும். ஆகவே உப்புக்கு எதிராகக் குரல் எழும்புகிறது.

ஃபுளோரைடு அப்படியில்லை. அது நிறம் காட்டாது, மணம் காட்டாது, ருசியும் காட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பாறைப் பூமி. பாறையில் இருக்கிற ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போன தண்ணீரைக் குழந்தை குடித்து வளர்ந்தால், முளைக்கிற நிரந்தரப் பல்லிலேயே பழுப்புக் கறை படிந்துவிடும். எந்தப் பற்பசையாலும் போகாத கறை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகளை அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் நம்பிக்கையோடு சொல்கிற வீட்டு வைத்தியம் இங்கே எதிராக வேலை செய்யும். "எதுக்கும் கொதிக்க வெச்சுக் குடி" என்கிறோம் அல்லவா? கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைந்து, மிச்சத் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாகிவிடும். உப்புக்கும் இதே கதைதான்.

இந்த ஃபுளோரைடு பாதிப்பைத் தடுக்கத்தான் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானின் ஜைகா நிறுவனக் கடனோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் முடித்து, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த திட்டம் அது. இரண்டு மாவட்டங்களிலும் 6,000-க்கு மேற்பட்ட கிராமக் குடியிருப்புகளுக்குக் காவிரித் தண்ணீர் போகிறது. ஒரு தலைமுறையின் பல்லையும் எலும்பையும் காப்பாற்றுகிற திட்டம் என்றால் அது மிகையில்லை.

ஆனால் தண்ணீர் குறைவாக வருகிற நாளில் என்ன நடக்கிறது? ஊரில் இருக்கிற பழைய போர் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிக் கலந்து விட்டுவிடுகிறார்கள். குழாயைத் திறக்கிற அம்மாவுக்கு அது ஒகேனக்கல் தண்ணீர்தான். கலப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லாவிட்டால், பல நூறு கோடி செலவழித்து வெளியே தள்ளிய ஃபுளோரைடு அந்தத் தொட்டி வழியாக வீட்டுக்குள் திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, கிருமி. இதற்கு மாவட்ட எல்லை கிடையாது. மிகவும் ஆபத்தானதும் இதுதான், மிகவும் மலிவாகத் தீர்க்கக்கூடியதும் இதுதான். நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் மைக்கேல் கிரெமரும் அவரது சகாக்களும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குடிநீரில் கிருமியை நீக்கினாலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு சுமார் கால் பங்கு குறைகிறது என்பது அவர்கள் கண்டது. அதற்குத் தேவைப்படுவது என்ன? ஆயிரம் லிட்டருக்கு ஒரு சில கிராம் பிளீச்சிங் பவுடர்.

நம் ஊர் டேங்க் ஆபரேட்டர் அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் தெரியுமா? பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிகிற வரை வைத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதன் பிறகு அரைமணி நேரமாவது விட்டுத்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்துப் பார்க்கும்போதும் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதிப்பதும் சுலபம். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறமே வரவில்லை என்றால் அன்றைக்கு மருந்து போடவில்லை, அல்லது வழியில் எங்கோ அழுக்கு கலந்து மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

சரி, மருந்து போட்டால் நாம் என்ன செய்கிறோம்? "என்னப்பா, தண்ணி ஒரே மருந்து வாடை அடிக்குது, வாயில வைக்க முடியல" என்று அந்த ஆபரேட்டரைப் பிடித்துச் சத்தம் போடுகிறோம். சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், ஊர்க்காரர்களின் பேச்சுக்குப் பயந்து அடுத்த நாள் பவுடரைக் குறைக்கிறார். அதற்கடுத்த வாரம் போடுவதையே விட்டுவிடுகிறார். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லேசான மருந்து வாடை அடித்தால் சந்தோஷப்படுங்கள். குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும்.

தொட்டியில் சுத்தமாக ஏறிய தண்ணீர் வீட்டுக்கு வருவதற்குள் கெடுவதும் உண்டு. தண்ணீர் வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. சாக்கடையை ஒட்டிப் போகிற குழாயில் ஒரு விரிசல் இருந்தால் போதும், அழுக்கு உள்ளே இறங்கிவிடும். இதோடு அரை ஹெச்.பி. மோட்டாரை நேராகக் குழாயிலேயே மாட்டி உறிஞ்சுகிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. மோட்டார் இழுக்கும்போது விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும். தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீரே போகாது. நம் வீட்டு மாடித் தொட்டி நிரம்பியதே என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். கடைசி வீட்டுக் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வருகிறபோது அதை "தண்ணி மாறினதால" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

கடைசி வீடு யாருடையது என்பதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். பல ஊர்களில் குழாயின் கடைக்கோடியில் இருப்பது பட்டியலின மக்கள் வாழும் காலனி. தண்ணீர் மெலிந்து வருவதும், லீக் ஆன குழாய் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதும் அங்கேதான். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊர்க் குளத்துத் தண்ணீரைக் குடிக்கும் உரிமைக்காக அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றது 1927 மார்ச் 20 அன்று. அதற்குப் பின் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடி, 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் அது வெளியே வந்தது. ஒரு தொட்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள், யாருக்காகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது வெறும் பராமரிப்புக் கேள்வி இல்லை என்பதை இதைவிட யாரும் நமக்குப் புரியவைக்க முடியாது.

இத்தனை சந்தேகமும் சேர்ந்துதான் கிராமத்துக்குள் கேன் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒரு கேன், கேன் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 525 ரூபாய், வருஷத்துக்கு 6,300 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அப்படியானால் ஏறக்குறைய பத்தொன்பது நாள் வெயிலில் மண் வெட்டிய கூலி குடிக்கிற தண்ணீருக்கே போகிறது. அதே வீட்டில் ஊராட்சி குழாய்க்குக் கேட்கிற மாதக் கட்டணம் பல ஊர்களில் இரண்டு கேன் விலைகூட வராது. அதைக் கட்டத்தான் நமக்கு மனசு வரமாட்டேன் என்கிறது.

கேன் தண்ணீரெல்லாம் சுத்தம் என்பதும் நம் நம்பிக்கைதான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இல்லாத கேன், வெயிலில் காய்ந்து கீறல் விழுந்து பாசி பிடித்த கேன், இதெல்லாம் நம் வீட்டுக்குள் வருகிறதா இல்லையா? வாங்கத்தான் வேண்டும் என்றால், மூடியில் சீல் இருக்கிறதா, உரிம எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

அடுத்து, நல்ல மனசோடு உதவி செய்கிற வாசகர்களிடம் ஒரு வார்த்தை. சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆர்.ஓ. மிஷின் வாங்கித் தரலாம்னு இருக்கோம்" என்று சொல்கிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த எண்ணத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் எத்தனையோ பள்ளிகளில் அந்த மிஷினின் நிலையைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அன்பளித்தவர் பெயர் எழுதிய போர்டு பளிச்சென்று இருக்கும். மிஷின் மேல் பழைய வினாத்தாள் கட்டு உட்கார்ந்திருக்கும். பில்டர் அடைத்துப்போயிருக்கும், மெம்பிரேன் மாற்றப் பணம் இருக்காது, ஹெட்மாஸ்டருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. பசுவைத் தானம் கொடுத்துவிட்டுத் தீவனத்துக்கு வழி சொல்லாமல் போவது போன்றது இது.

ஆகவே கொடுப்பதற்கு முன் சில விஷயங்களை விசாரியுங்கள். அந்தத் தண்ணீரில் உண்மையில் என்ன குறை? உப்பும் ஃபுளோரைடும் அளவுக்குள் இருந்து கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் ஆர்.ஓ. தேவையே இல்லை, தொட்டியைக் கழுவி முறையாக மருந்து போட்டாலே போதும். ஆர்.ஓ. கட்டாயம் வேண்டும் என்றால், பில்டருக்கும் மெம்பிரேனுக்கும் கரண்ட் பில்லுக்கும் வருஷாவருஷம் யார் கொடுப்பார்கள்? ஒரு குடம் நல்ல தண்ணீர் வரும்போது அதற்கு மேல் கழிவு நீர் வெளியேறுமே, அதை எங்கே விடுவார்கள்? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு வாங்குங்கள். முடிந்தால் மிஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை ஐந்து வருஷப் பராமரிப்புக்கு என்று தனியாக ஒதுக்குங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பெரிய ஓட்டுக்கூரையோ மொட்டைமாடியோ இருந்தால் மழைநீரைத் தொட்டியில் சேமிக்கிற வழியும் இருக்கிறது. மழைத் தண்ணீரில் உப்பும் இல்லை, ஃபுளோரைடும் இல்லை. 2003-இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீடுதோறும் குழாய் மாட்டினோம். அந்தக் குழாய்கள் இன்றைக்கு எத்தனை இடத்தில் வேலை செய்கின்றன என்பதை நீங்களே உங்கள் மாடிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குக் காவல் போடுவது நமக்குப் புதுசும் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் குடிதண்ணீர் ஊருணிகள் எப்படி இருந்தன? சுற்றிலும் கரை, இறங்கப் படிக்கட்டு, மழைநீர் வர வரத்துக்கால். அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, ஆடு மாடு இறங்கக் கூடாது, செருப்புப் போட்டுக்கொண்டு படியில் கால் வைக்கக் கூடாது. காவலுக்கு ஆள் வைத்து, அந்த ஆளுக்கு ஊரே படியளந்தது. கலங்கல் தண்ணீர் வந்தால் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைத்தார்கள். தெளிவதால் மட்டும் கிருமி போய்விடாது, ஊருணித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். அந்த ஊருணியிலும் எல்லோரும் குடம் நனைக்க விட்டதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம். எடுத்துக்கொள்ள வேண்டியது, பராமரிப்பைத் தினசரி வேலையாக வைத்திருந்த அந்த ஒழுங்கை. விட்டுவிட வேண்டியது, சிலரை வெளியே நிறுத்திய அந்தக் கணக்கை.

இன்றைக்கு அந்தக் காவல் வேலைக்குச் சட்டமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்த பணம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கு. ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் ஏற்பாடு. அதில் கிருமிச் சோதனைக்குச் சின்னப் புட்டி ஒன்று உண்டு. தண்ணீரை ஊற்றி மூடி வைத்து, ஓரிரு நாளில் கறுத்துவிட்டால் அந்தத் தண்ணீரை நம்பக் கூடாது. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் மாவட்டந்தோறும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது.

மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியையும் எல்லோர் கண்ணிலும் படும்படி தொட்டியிலேயே எழுத வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணாந்து பாருங்கள். தேதி போன மாதத்துடையதா, போன ஆட்சியினுடையதா என்று தெரிந்துவிடும்.

ஆகவே 22-ஆம் தேதி கிராம சபையில் உட்காருங்கள். வெளியூரில் இருந்தால், ஊரில் இருக்கிற தம்பியையோ மதினியையோ போகச் சொல்லுங்கள். சாலை, தெருவிளக்கு, வீடு என்று எல்லாம் பேசட்டும். நடுவில் எழுந்து, ஊராட்சித் தலைவரிடமோ தனி அலுவலரிடமோ நான்கு கேள்வி கேட்டால் போதும். கடைசியாகத் தண்ணீரைச் சோதித்தது எப்போது, அந்த ரிப்போர்ட் எங்கே? தொட்டியைக் கழுவியது எப்போது? பயிற்சி பெற்ற அந்த ஐந்து பெண்கள் யார், அவர்கள் கையில் சோதனைப் பெட்டி இருக்கிறதா? கடைசித் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது?

இதில் சண்டைக்கு இடமே இல்லை. யாரையும் குற்றவாளியாக்குகிற கேள்விகள் இல்லை இவை. ஒரு சபையில் கேட்டால் அடுத்த சபைக்குள் ரிப்போர்ட் தயாராக இருக்கும். மே 1 சபையில் மறுபடி கேட்டால் வழக்கமாகிவிடும். யாரும் கேட்காத ஊரில் எந்த அதிகாரிதான் தானாக வந்து ரிப்போர்ட்டை நீட்டுவார்?

கேட்கிற உரிமை வேண்டும் என்றால் நம் பங்கும் நேராக இருக்க வேண்டும். குழாயில் மாட்டிய மோட்டாரைக் கழற்றுவோம். தண்ணீர்க் கட்டணத்தை நிலுவை இல்லாமல் கட்டுவோம். மருந்து வாடைக்காக ஆபரேட்டரைத் திட்டுவதை நிறுத்துவோம். முடிந்தால், இத்தனை வீட்டுக்கும் விடியற்காலையில் மோட்டார் போடுகிற அந்த மனிதரிடம் ஒரு நாள் நின்று பேசுவோம். ஊரின் குழாய் வரைபடம் முழுசாக இருப்பது பெரும்பாலும் அவர் தலைக்குள்தான்.

ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்டு முடிக்கிறேன். உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் எழுதியிருக்கிற தேதியையும், கிராம சபையில் உங்களுக்குக் கிடைத்த பதிலையும் ஒரு போஸ்ட் கார்டில் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தொட்டியை ஒழுங்காகக் கழுவி, தண்ணீரைச் சோதித்து, கடைசித் தெரு வரை கொண்டுபோகிற ஊராட்சிகளின் பெயரை மே இதழில் வெளியிடுகிறோம். குறை சொல்லி எழுதும் கடிதங்கள் எப்போதும் நிறைய வரும். இந்த முறை பாராட்டி எழுதும் கடிதங்களுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன். அதை நிரப்ப வேண்டியது நீங்கள்தான்.

அன்புடன்,
ஆசிரியர்